கத்தி ஒரு குத்து. கத்தரி ஒரு வெட்டு! மாணவர்களின் குட்டிப் படங்களில் நடக்கும் "மர்மம்"

கட்டிலில் ஒருவர் அயர்ந்து தூங்கிக் கொண்டிருந்தார். அறைக்கதவு மெல்லத் திறந்தது. மர்ம ஆசாமி ஒருவன் உள்ளே நுழைந்தான். பூனை போலக் கட்டிலை நெருங்கினான். கத்தியை எடுத்தான். தூங்கியவரின் மார்பில் பாய்ச்சினான். பிறகு, ஒன்றுமே நடக்காதது போல வந்த வழியே போய்விட்டான். கதவு மூடியது.

கொன்றவன் யார்? செத்தவர் யார்? சொத்துத் தகராறா, பெண் விவகாரமா? ஒன்றும் தெரியாது. போலீசில் புகார் இல்லை. யாரும் கைதாகவும் இல்லை.

பதற வேண்டாம். இது சினிமா! 1957-ம் ஆண்டு போலந்து நாட்டில், லோட்ஸ் நகரத் திரைப்படக் கல்லூரியில் படித்துக் கொண்டிருந்த ஒரு மாணவர் பாடத்துக்காக எடுத்த படம். பெயர் "கொலை". முழுப்படமும் 2 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வசனம் இல்லை. பாட்டு இல்லை. சத்தமே இல்லை. ஆனாலும் பார்த்தவர்களுக்கு அடிவயிற்றில் "ஜில்" என்கிறது.

அந்த மாணவர் ரோமன் பொலான்ஸ்கி. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற டைரக்டர் ஆனார். (1977-ல் அமெரிக்காவில் ஒரு சிறுமி சம்பந்தப்பட்ட வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனை அறிவிக்கும் முன்பே 1978-ல் அந்த நாட்டை விட்டு ஓடிப்போனவரும் இவர்தான். அது வேறு கதை.)

கொலையைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல், 2 நிமிடத்துக்குள் ஒரு கொலையைக் காட்டி மிரட்டியது எப்படி? இரண்டே ஆயுதங்கள். ஒன்று காமிரா. இன்னொன்று கத்தரி.

சொல்லாமல் விட்டதே மிரட்டல்

சம்பவம் நடந்த இடத்துக்குப் போகும் போலீஸ்காரர், நிருபர் எல்லோரும் முதலில் கேட்பது "ஏன்?" என்றுதான். அந்த "ஏன்" கிடைத்து விட்டால் பாதிப் பயம் போய்விடும். பங்காளிச் சண்டை என்று தெரிந்தால், "நமக்கேது பங்காளி" என்று ஆறுதல் அடையலாம். கடன் தகராறு என்றால், "நாம் கடன் வாங்கவில்லை" என்று நிம்மதியாகத் தூங்கலாம்.

இந்தப் படம் அந்த ஆறுதலைக் கொடுக்க மறுக்கிறது. காமிரா அந்த அறையை விட்டு வெளியே போகவில்லை. ஆசாமி எந்தத் தெருவிலிருந்து வந்தான், எந்த வண்டியில் ஏறிப் போனான் என்று காட்டவில்லை. கதவு திறந்ததும் படம் ஆரம்பம். கதவு மூடியதும் படம் முடிவு. எங்கே ஆரம்பிப்பது, எங்கே வெட்டுவது என்ற தீர்மானம்தான் முழுக்கதையும். முன்னால் ஒரு 10 வினாடி சேர்த்திருந்தால் அது பழிவாங்கும் கதை ஆகியிருக்கும். பின்னால் ஒரு 10 வினாடி சேர்த்திருந்தால் போலீஸ் கதை ஆகியிருக்கும். இரண்டும் இல்லாததால், "நாளைக்கு நம் வீட்டுக் கதவும் திறக்குமோ?" என்ற கதை ஆகிவிட்டது.

எட்டிப் பார்த்தவர் ஏமாந்தார்!

அதே ஆண்டில் அதே மாணவர் எடுத்த இன்னொரு குட்டிப்படம் "பல் தெரியும் சிரிப்பு". இதுவும் 2 நிமிட சமாசாரம்தான்.

மாடிப்படியில் இறங்கி வருகிறார் ஒருவர். வழியில் ஒரு ஜன்னல். உள்ளே ஒரு பெண் குளித்துவிட்டுத் துவட்டிக் கொண்டிருக்கிறாள். ஆசாமி நின்றுவிட்டார்! அந்த நேரம் பார்த்து பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து வெளியே வருகிறார். ஆசாமி யோக்கியரைப் போல நகர்ந்து விடுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே போனதும் திரும்பி வந்து, ஆசையோடு மறுபடி எட்டிப் பார்க்கிறார். இப்போது அங்கே நிற்பது ஓர் ஆண்! பல் துலக்கிக் கொண்டே இளிக்கிறான்.

சிரிக்காதவர் இருக்க முடியாது. ஆனால் இதில் உள்ள சூட்சுமம் என்ன? ஆசாமியின் முகம், வெட்டு, ஜன்னலுக்குள் தெரிவது, வெட்டு, மறுபடி முகம். இந்த வரிசை இருந்தால், "அவர் பார்ப்பதைத்தான் நாம் பார்க்கிறோம்" என்று மனசு தானாகவே முடிவு கட்டிக் கொள்கிறது. அதாவது எட்டிப் பார்த்த குற்றத்தில் நாமும் கூட்டாளி. கடைசியில் அசடு வழிவதும் அவர் மட்டும் அல்ல, நாமும்தான்!

எங்கே நிற்பது?

எந்தத் திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தாலும் முதல் பாடம் இதுதான்: காமிராவை எங்கே வைப்பது?

தூரத்தில் வைத்து எடுத்தால் "லாங் ஷாட்". இடம் தெரியும், ஆள் சின்னதாகத் தெரிவார். பெரிய மைதானத்தில் ஒற்றை ஆளை அப்படி எடுத்தால், பாவம் தனியாக நிற்கிறானே என்று தோன்றும். இடுப்புக்கு மேல் எடுத்தால் "மிட் ஷாட்". இரண்டு பேர் பேசுவதற்கு ஏற்றது. முகம் மட்டும் தெரிந்தால் "குளோசப்". கண் கலங்குவதும் உதடு துடிப்பதும் தப்பாது. ஆனால் குளோசப்பில் ஒரு ஆபத்து: அந்த ஆள் எங்கே நிற்கிறார் என்பது தெரியாமல் போய்விடும். இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பிறகு வருகிறது.

கீழே இருந்து அண்ணாந்து எடுத்தால் சாதாரண ஆளும் ரவுடியாகத் தெரிவான். மேலே இருந்து எடுத்தால் ரவுடியும் எலியாகி விடுவான். போஸ்டரில் தலைவர்களைக் கீழிருந்தே எடுப்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

இன்னொரு பாடம், கண்ணுக்குத் தெரியாத கோடு. இரண்டு பேர் எதிர் எதிரே நின்று சண்டை போடுகிறார்கள். அவர்கள் நடுவே ஒரு கோடு இழுத்தது போல நினைத்துக் கொண்டு, காமிரா அந்தக் கோட்டின் ஒரு பக்கத்திலேயே நிற்க வேண்டும். தவறித் தாண்டினால், எதிர் எதிரே நின்றவர்கள் திரையில் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்ப்பார்கள். "இவன் யாரைத் திட்டுகிறான், சுவரையா?" என்று சபை சிரித்துவிடும். முதல் படம் எடுக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் ஒரு தடவையாவது இந்தக் கோட்டைத் தாண்டி மாட்டிக் கொண்டவர்கள்தான்.

நிஜ ரவுடிகள் புகுந்தார்கள்!

கோட்டைத் தாண்டுவதில் இன்னொரு வகையும் உண்டு. அதே 1957, அதே லோட்ஸ் கல்லூரி, அதே மாணவர். கல்லூரித் தோட்டத்தில் மாணவர்களுக்கு நடன விருந்து ஏற்பாடு ஆனது. வந்தவர்கள் சந்தோஷமாக ஆடிக் கொண்டிருந்தார்கள். திடீர் என்று ஒரு கும்பல் வேலி ஏறிக் குதித்தது. கண்ணில் பட்டவர்களை எல்லாம் அடித்து நொறுக்கியது. ஒரே கூச்சல், ஓட்டம்!

காமிரா மட்டும் நிதானமாகச் சுழன்று கொண்டிருந்தது. காரணம், அந்தக் கும்பலை வரவழைத்ததே படம் எடுத்தவர்தான்! விருந்துக்கு வந்தவர்களுக்கு முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை. முகத்தில் நிஜமான பயம் வேண்டும் என்பது அவர் கணக்கு. பயம் கிடைத்தது. கூடவே அடியும் கிடைத்தது, அது மற்றவர்களுக்கு. கல்லூரி நிர்வாகம் கொதித்துப் போனது. ஆளை வெளியே தள்ளும் அளவுக்கு விவகாரம் முற்றி, எச்சரிக்கையோடு தப்பினார்.

"தத்ரூபமாக வர வேண்டும்" என்று சொல்லி மொட்டை மாடி விளிம்பில் நிற்கவைக்கும், ரெயில் தண்டவாளத்தில் ஓடவைக்கும் இன்றைய பையன்களுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். இதே மாணவர் அதற்கு முன் எடுத்த "கொலை" படத்தில் யாரும் யாரையும் குத்தவில்லை. ஆனால் பார்ப்பவர்கள் அதிர்ந்தார்கள். வெட்டத் தெரிந்தவனுக்கு அடிதடி தேவை இல்லை.

அடுத்த ஆண்டே, 1958-ல், அது நிரூபணம் ஆனது. "இரண்டு மனிதர்களும் ஓர் அலமாரியும்" என்ற மாணவப் படம். கடலுக்குள் இருந்து இரண்டு பேர் பெரிய கண்ணாடி அலமாரி ஒன்றைத் தூக்கிக் கொண்டு கரை ஏறுகிறார்கள். டிராமில் இடம் இல்லை. ஓட்டலில் அனுமதி இல்லை. எங்கே போனாலும் விரட்டு. வசனமே கிடையாது. ஓர் இடத்தில் வானத்து மேகங்களுக்கு நடுவே ஒரு மீன் மிதக்கிறது! இது என்ன அதிசயம் என்று பார்த்தால், அலமாரிக் கண்ணாடியைப் படுக்கவைத்து, அதன் மேல் மீனை வைத்திருக்கிறார்கள். கண்ணாடியில் வானம் தெரிகிறது, அவ்வளவுதான். தந்திரக் காட்சிக்குச் செலவு ஒரு மீன்! பெல்ஜியத்தில் பிரசல்ஸ் நகரில் அந்த ஆண்டு நடந்த போட்டியில் இந்தப் படம் பரிசு பெற்றது. அடி வாங்குகிறவர்களின் கஷ்டம் இதிலும் உண்டு. ஆனால் இதற்காக யார் மண்டையும் உடையவில்லை.

ஒரே முகம், மூன்று கதை

கத்தரியின் சக்தியைக் கண்டுபிடித்தவர்களும் ஒரு கல்லூரியைச் சேர்ந்தவர்கள்தான். 1919-ல் ரஷ்யாவில் மாஸ்கோ நகரில் அரசு திரைப்படப் பள்ளி துவங்கியது. சினிமாவுக்கென்று ஏற்பட்ட முதல் பள்ளி அதுதான் என்பார்கள். அங்கே பாடம் சொல்லிக் கொடுத்த லெவ் குலஷோவ் என்ற வாத்தியாருக்கு அப்போது வயசு 20-தான்!

உள்நாட்டுச் சண்டை நடந்த காலம். ரொட்டிக்கே கியூ. பிலிமுக்கு எங்கே போவது? மாணவர்கள் பிலிமே இல்லாமல், மேடையில் "படம்" நடித்துப் பழகினார்கள். கையில் இருந்த பழைய பட ரீல்களை வெட்டி ஒட்டிப் பார்த்தார்கள். பஞ்சம் கற்றுக் கொடுத்த பாடம்தான் உலகத்துக்கே பாடம் ஆனது.

பிரபல நடிகர் ஒருவரின் பழைய படத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் எடுத்துக் கொண்டார்கள். அந்த முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. அதன் பக்கத்தில் ஒரு கிண்ணம் சூப்பை ஒட்டினார்கள். பார்த்தவர்கள், "ஆகா, பசியை எப்படிக் காட்டுகிறார்!" என்றார்களாம். அதே முகத்தோடு சவப்பெட்டியை ஒட்டினார்கள். "துக்கத்தைப் பாருங்கள்!" அதே முகத்தோடு ஓர் அழகியை ஒட்டினார்கள். "ஆசை பொங்குகிறதே!" முகம் மூன்று இடத்திலும் ஒன்றேதான். நடித்தவர் நடிகர் அல்ல, கத்தரி!

அந்தப் பரிசோதனை ரீல் இன்று இல்லை. எந்த எந்தக் காட்சியை ஒட்டினார்கள் என்பதில் சம்பந்தப்பட்டவர்களே ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள். ஆனால் சூத்திரம் நின்றுவிட்டது. எடிட்டிங் பாடத்தில் குலஷோவ் பெயர் இல்லாத கல்லூரி இல்லை.

அவர்கள் இன்னொரு வேலையும் செய்தார்கள். மாஸ்கோவில் ஒரு தெருவில் ஓர் ஆண் நடக்கிறான். வேறு தெருவில் ஒரு பெண் நடக்கிறாள். இருவரும் சந்திக்கிறார்கள். அவன் கையை நீட்டிக் காட்டுகிறான். அங்கே தெரிவது அமெரிக்க ஜனாதிபதியின் வெள்ளை மாளிகை! மாஸ்கோவிலிருந்து வாஷிங்டனுக்கு டிக்கெட் எடுக்காமல் போன முதல் ஆட்கள் அவர்களாகத்தான் இருக்கும்.

29சி பஸ்ஸில் பர்ஸ்

இது ஏதோ வெளிநாட்டு வித்தை என்று எண்ண வேண்டாம். நம் ஊர் 29சி பஸ்ஸிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

மூன்று துண்டு படம் எடுத்ததாக வைத்துக் கொள்ளுங்கள். முதல் துண்டு: ஒரு பையன் கையில் ஒரு பர்ஸ். இரண்டாவது: பையன் பஸ்ஸை விட்டுக் குதித்து ஓடுகிறான். மூன்றாவது: ஒரு பாட்டியின் முகம், குளோசப்பில். பதறிப்போய் மடியைத் துழாவுகிறாள். பின்னால் பஸ்ஸா, தெருவா என்பது தெரியாது.

இப்போது பாட்டியை முதலில் வையுங்கள். பாட்டி பதறுகிறாள், பையன் கையில் பர்ஸ், குதித்து ஓடுகிறான். "பிடி, பிடி! பிக்பாக்கெட்!" என்று நீங்களே எழுந்து நிற்பீர்கள்.

அதே பாட்டியைக் கடைசியில் வையுங்கள். பையன் கையில் பர்ஸ், குதித்து ஓடுகிறான், பாட்டி, ஸ்டாப்பிங்கில் இறங்கி நின்றபடி மடியைத் துழாவுகிறாள். "அடடே, தவறவிட்ட பர்ஸைக் கொடுக்க ஓடி வருகிறான். தங்கமான பையன்!" என்று உச்சுக் கொட்டுவீர்கள்.

பையன் ஒன்றுதான், பர்ஸ் ஒன்றுதான். புதிதாக ஒரு அங்குலம் கூட எடுக்கவில்லை. வரிசையை மாற்றியதும் திருடன் தர்மப்பிரபு ஆகிவிட்டான். குளோசப் இடத்தை மறைத்தது. கத்தரி காலத்தை மாற்றியது. இரண்டும் கூட்டுச் சேர்ந்தால் சாட்சியே தேவை இல்லை.

அடிக்கணக்கில் உயிர்

செல்போன் வந்த பிறகு படம் எடுப்பது சுலபம் ஆகிவிட்டது. பிலிம் காலத்தில் அப்படி இல்லை. 35 மில்லி மீட்டர் பிலிம் ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 400 அடி ரோல் போட்டால் நாலரை நிமிடத்துக்குள் காலி. வினாடிக்கு 24 படம் வீதம் பணம் ஓடுகிறது என்று அர்த்தம்!

10 நிமிடப் படம் எடுக்கும் மாணவன், ஒவ்வொரு காட்சியையும் மூன்று தடவை எடுப்பது என்று வைத்தாலே 2 ஆயிரத்து 700 அடி வேண்டும். நடிப்பவர் இருமினால் போச்சு. மேகம் மறைத்தால் போச்சு. அதனால் "ஸ்டார்ட்" சொல்லுமுன் பத்து தடவை ஒத்திகை. காகிதத்தில் கட்டம் போட்டு, எந்தத் துண்டு எங்கே ஒட்டும் என்று முன்கூட்டியே வரைந்து வைப்பார்கள். எடுக்கும் முன்பே மனசுக்குள் எடிட்டிங் முடிந்துவிடும்.

லேபரட்டரியிலிருந்து ரஷ் பிரிண்ட் வந்த பிறகு மூவியாலா மிஷின் முன் உட்காருவார்கள். மெழுகுப் பென்சிலால் பிலிம் மேலேயே குறி போட்டு, வெட்டி, டேப் ஒட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். சரி என்றால்தான் மூல நெகடிவில் கை வைப்பார்கள். பிலிம் ஓரத்தில் உள்ள நம்பரைப் பார்த்து நெகடிவை வெட்டுவது தனி வேலை. அதில் தப்பாக வெட்டினால் வெட்டினதுதான். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு!

நம் ஊரில் "அடையாறு பிலிம் இன்ஸ்டிடியூட்" என்று எல்லோரும் சொன்ன தரமணி அரசு திரைப்படக் கல்லூரியில் (இன்று அது எம்.ஜி.ஆர். பெயரில் இருக்கிறது) இப்படி அடிக்கணக்குப் பார்த்துப் பழகியவர்கள் பலர். ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராம் அங்கே படித்தவர்தான். 1987-ல் வெளியான "நாயகன்" அவருக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது.

1986 ஆகஸ்டில் "ஊமை விழிகள்" வந்தபோது கோடம்பாக்கமே வாயைப் பிளந்தது. திரைப்படக் கல்லூரி மாணவர்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து எடுத்த படம் அது. ஆபாவாணன் கதை எழுதித் தயாரிக்க, ஆர்.அரவிந்தராஜ் டைரக்ட் செய்ய, ஏ.ரமேஷ்குமார் ஒளிப்பதிவு செய்தார். விஜயகாந்த் போலீஸ் அதிகாரியாக வந்தார். "படிச்ச பசங்க படம் எடுத்தா டாக்குமெண்டரி மாதிரிதான் இருக்கும்" என்று கேலி பேசியவர்கள், தியேட்டரில் பயந்து சீட்டு நுனிக்கு வந்தார்கள். ஆள் வருவதற்கு முன் நிழல் வருவதும், எதையும் காட்டாமல் கொஞ்சம் காத்திருக்க வைப்பதும் வகுப்பில் குட்டிப் படம் எடுத்தபோது பழகிய வித்தைதானே!

எடிட்டர் பி.லெனின் வேறு வழியில் வந்தார். பல பெரிய படங்களை வெட்டி ஒட்டிப் பேர் எடுத்தவர், "நாக் அவுட்" என்ற குறும்படத்தைத் தாமே டைரக்ட் செய்தார். 1992-ம் ஆண்டுக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. சின்னப் படத்தை "பெரிய படம் எடுக்கப் பணம் இல்லாதவன் வேலை" என்று நினைத்தவர்களுக்கு அது பதில்.

டி.வி.யும் செல்போனும்

பிறகு காலம் மாறியது. கலைஞர் டி.வி.யில் "நாளைய இயக்குநர்" நிகழ்ச்சி வந்தது. 10 நிமிடத்துக்குள் கதை சொன்ன கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி போன்றவர்கள் அதன் வழியே பெரிய திரைக்கு வந்தார்கள். பாலாஜி மோகன் 2010-ல் எடுத்த "காதலில் சொதப்புவது எப்படி" குறும்படம், 2012-ல் அதே பெயரில் முழுநீளப் படமாகவே வந்தது.

இதனால் கடை வைத்திருப்பவர் மகனுக்கும், கிளார்க் வீட்டுப் பெண்ணுக்கும் ஆசை வந்தது. அப்பாவின் கவலையும் வந்தது. "கையிலே போனை வச்சிக்கிட்டு மாடிக்கும் கீழுக்கும் ஓடறான் சார்! படிப்பு என்னாகிறது?" என்று புலம்பாத தெரு இல்லை.

பிலிம் காசு மிச்சம் ஆனது உண்மை. ஆனால் அதிலேயே ஒரு வினை. காசு போகவில்லை என்றதும் பையன்கள் கண்டபடி எடுக்கிறார்கள். ஒரே காட்சியை முப்பது தடவை எடுத்துக் குவிக்கிறார்கள். ராத்திரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், கதவைத் திறப்பது இருக்கும், திறந்து உள்ளே வருவது இருக்காது. வலது கையில் இருந்த டீ கிளாஸ் அடுத்த துண்டில் இடது கைக்குப் போயிருக்கும். அழும் முகம் இருக்கும், எதைப் பார்த்து அழுகிறாள் என்பது இருக்காது.

இன்னொரு வியாதி, எடுத்ததை வெட்ட மனசு வராதது. வெயிலில் வெந்து நாலு மணி நேரம் காத்திருந்து எடுத்த சூரிய அஸ்தமனம். கதைக்குத் தேவை இல்லை. ஆனாலும் தூக்கிப் போடக் கை வரவில்லை. காத்திருந்த வெயில் அவன் முதுகுக்குத் தெரியும், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் கல்லூரிகளில் எடுத்தவன் ஒருவன், வெட்டுபவன் இன்னொருவன் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

சேவல் திருடிய கிழவி

காமிராவும் கத்தரியும் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 2024-ம் ஆண்டு ஓர் உதாரணம். புனே திரைப்படக் கல்லூரியில் மாணவராக இருந்த மைசூர் டாக்டர் சிதானந்த நாயக் ஒரு கன்னடப் படம் எடுத்தார். கிராமத்துக் கிழவி ஒருத்தி சேவலைத் திருடிக் கொண்டு போய்விடுகிறாள். சேவல் கூவாததால் பொழுதே விடியவில்லை! நாட்டுப்புறக் கதை ஒன்றை வைத்துப் பின்னியது.

பொழுது விடியாத கதை என்றால் படம் முழுவதும் இருட்டு. இருட்டைப் படம் எடுப்பது பெரிய சோதனை. விளக்கு கூடினால் பகல் ஆகிவிடும்; குறைந்தால் ஒன்றும் தெரியாது. கொடுத்த அவகாசம் நாலே நாள். நாலு நாளும் ராத்திரியில் படப்பிடிப்பு. முடிவில் கிடைத்தது 16 நிமிடப் படம்.

பிரான்சில் கான் பட விழாவின் மாணவர் பிரிவுக்கு அந்த ஆண்டு உலகம் முழுவதும் 555 கல்லூரிகளில் இருந்து 2 ஆயிரத்து 263 படங்கள் வந்து குவிந்தன. தேர்வானவை 18. அதில் முதல் பரிசு, கிழவி திருடிய சேவலுக்கு! ரொக்கம் 15 ஆயிரம் யூரோ. புனே கல்லூரியில் 1969-ல் தங்கப் பதக்கம் வாங்கிய பாலு மகேந்திரா, பிற்காலத்தில் தம் படங்களுக்குத் தாமே காமிரா பிடித்து, தாமே வெட்டியவர். எடுப்பதும் வெட்டுவதும் ஒரே வேலையின் இரண்டு பாதி என்பதற்கு அவரும் சாட்சி.

கடைசி வினாடிகளை வெட்டியது யார்?

இதெல்லாம் சினிமாக்காரர் பாடு, நமக்கென்ன என்று யாரும் இருந்துவிட முடியாது. காரணம், 2018.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2016-ல், பாகிஸ்தானின் கராச்சி நகரில் ஒரு தொண்டு நிறுவனம் விழிப்புணர்வுக்காக ஒரு குட்டிப்படம் எடுத்தது. காமிரா உயரத்தில், தெருவைப் பார்த்தபடி. கடைவாசல் சி.சி.டி.வி.யில் பதிவானது போலவே இருக்கும். தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் ஒரு குழந்தையை வாரிக்கொண்டு பறக்கிறார்கள். சில வினாடி கழித்து அவர்களே திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, ஒரு பலகையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். "குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும், கவனமாக இருங்கள்" என்பது அதன் சாரம். நல்ல எண்ணத்தில் எடுத்த நல்ல படம்.

யாரோ ஒரு புண்ணியவான் அதில் கை வைத்தான். குழந்தை திரும்பி வரும் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டி எறிந்தான். மிச்சம் இருந்தது நிஜக் கடத்தல்! காமிரா சி.சி.டி.வி. போல இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தத் துண்டு எல்லை தாண்டி வந்து, இந்தியா முழுவதும் வாட்ஸ்அப்பில் பறந்தது. பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று கிளம்பிய வதந்திகளுக்கு இதுவும் எண்ணெய் ஊற்றியது.

2018 மே மாதம். திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோவிலுக்குக் காரில் போன சென்னைக் குடும்பம் ஒன்று வழியில் நின்றது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் ஒரு மூதாட்டி. பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று கூட்டம் கூடிவிட்டது. அந்த மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். கூட வந்தவர்கள் குற்றுயிராகத் தப்பினார்கள். அதே மாதம் பழவேற்காட்டிலும் ஒருவர் அதே சந்தேகத்தில் கொல்லப்பட்டார். வேறு மாநிலங்களிலும் இதே கொடுமை நடந்தது. ஜூலையில், ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கம்பெனி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டு வந்தது.

அடித்தவர்களைப் போலீஸ் பிடித்தது. வெட்டியவன்? அவன் எங்கே உட்கார்ந்து வெட்டினான் என்பது யாருக்குத் தெரியும்! மாஸ்கோவில் சூப்புக் கிண்ணத்தை வைத்து மாணவர்கள் கண்டுபிடித்த அதே சூத்திரம்தான். லோட்ஸில் கதவு மூடியதும் படத்தை நிறுத்தி மாணவர் மிரட்டினாரே, அதே வித்தைதான். அங்கே பார்த்தவர்கள் பயந்துபோய் வீட்டுக்குப் போனார்கள். இங்கே பயந்தவர்கள் தடியை எடுத்தார்கள்.

பையனைத் திட்டாதீர்கள்

எனவே, போனை வைத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் ஓடும் பையனை அப்பாமார்கள் அவசரப்பட்டுத் திட்ட வேண்டாம். மூன்று துண்டு படத்தை ஒட்டிப் பார்த்தவனுக்கு, நாலாவது துண்டு எங்கே போனது என்று கேட்கத் தெரியும். குளோசப்பைக் கண்டால் "பின்னால் என்ன இடம்?" என்பான். திடீரென்று முடியும் வீடியோவைக் கண்டால் "இதுக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்பான்.

அதையே நாமும் கேட்கலாம். பஸ்ஸில் போகும்போது, கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது, "அய்யோ, பாருங்க அநியாயத்தை!" என்று ஒரு வீடியோ வந்து விழும். கட்டைவிரல் அடுத்த ஆளுக்குத் தள்ளிவிடத் துடிக்கும். ஒரு நிமிடம் பொறுத்து, "முழுசா பார்த்தியா? முன்னாலே என்ன, பின்னாலே என்ன?" என்று அனுப்பியவரையே திருப்பிக் கேட்டால் போதும்.

கத்தியால் குத்தினால் ரத்தக்கறையாவது இருக்கும், மோப்ப நாய் வரும். கத்தரியால் குத்தினால் தடயமே இருக்காது.